பதினொன்றரைக்கு பாஸ் வாசித்தவள்

என் வேலை பின்னால் போவது. முன்னால் நிற்கிறவர் பள்ளத்தில் இறங்கினால் நானும் கூடவே இறங்க வேண்டும். இறங்கியது பள்ளம் என்று கீழே உட்கார்ந்து கேட்கிறவர்களுக்குத் தெரியவும் கூடாது. பாஸ் கிட்டார் வாசிப்பது என்றால் இவ்வளவுதான். பின்னால் போகிறவளுக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கிடையாது, மூக்குக்கு மேல் கோபம் வரும். பாஸை நான் எப்படிப் பிடித்தேன் என்று என் வீட்டுக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

வார நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, சைக்கிள் கடை மாடியில் இருக்கும் நீளமான அறையில் புளூஸ் ஜாம். யார் வேண்டுமானாலும் வரலாம். வாசலில் தொங்கும் பலகையில் பெயரை எழுதிவிட்டு, முறை வரும்போது மேடையேறி இரண்டு பாட்டு வாசிக்கலாம். கிட்டார்காரர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். மாறாமல் உட்கார்ந்திருப்பது இரண்டே பேர். பாஸுக்கு நான், டிரம்ஸுக்கு என் அக்கா புருஷன். மாமா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். டிரம்ஸிலும் கணக்கு வாத்தியார்தான்.

ஒத்திகை எல்லாம் கிடையாது. வருகிறவர் "ஏ, மெதுவா" என்றோ "ஈ, கொஞ்சம் வேகமா" என்றோ சுதியையும் வேகத்தையும் மட்டும் சொல்வார். அதற்கு மேல் சொல்ல அவசியமும் இல்லை, ஏனென்றால் புளூஸில் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு பார், பாருக்கு நாலு தட்டு, மொத்தமே மூன்று கார்டு, அதாவது மூன்று சுரக்கூட்டு. புதிதாகக் கேட்கிறவர்களுக்கு இப்படிச் சொல்வேன். முதல் கார்டு நம் வீடு, அடுத்தது எதிர்வீடு, மூன்றாவது தெருமுனைக் கடை. நாலு பார் வீட்டில் இருந்துவிட்டு எதிர்வீட்டில் தலைகாட்டி, திரும்பி வந்து, கடைவரை ஒரு நடை போய்விட்டு மறுபடி வீடு சேர வேண்டும்.

குழந்தைகூடச் செய்துவிடும். ஆனால் கையில் கிட்டார் ஏறியதும் மனுஷனுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. பல் டாக்டர் ஒருவர் வருவார். தனி வாசிப்பை ஆரம்பித்தால் எட்டுச் சுற்று போனாலும் நிறுத்த மாட்டார், வாயைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டு மறந்துபோகிற ரகம். இன்னொருவர் உருக்கம் தாங்காமல் திரும்பி நின்றுகொள்வார், எனக்கு அவர் முதுகுதான் தெரியும். எனக்கு வேண்டியது முதுகு இல்லை, இடது கை. விரல்கள் அடுத்த கார்டுக்குக் கிளம்புவதற்குக் கண்சிமிட்டும் நேரம் முன்னால் மணிக்கட்டு கிளம்பும். அதைப் பிடித்துவிட்டால் அவர் எங்கே போனாலும் நானும் கூடவே போய் இறங்கிவிடுவேன். ஒன்பது வருஷத்தில் என்னிடமிருந்து தப்பித்தவர் கிடையாது, பதினொன்றரையைத் தவிர.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நகத்தில் கிரீஸ் போகாது, ஆனால் கிட்டாரைத் துடைக்க மஞ்சள் துணி ஒன்று மடிப்புக் கலையாமல் வைத்திருப்பார். "ஏ, மெதுவா. முடிஞ்சா பாருங்க, சிஸ்டர்" என்பார். என்ன முடிந்தால் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. வாசிக்க ஆரம்பித்ததும் விளங்கிவிட்டது. ஐந்தாவது பாரில் போக வேண்டிய எதிர்வீட்டுக்கு நாலரையிலேயே போய்க் கதவைத் தட்டுவார். அடுத்த சுற்றில் ஆறாகியும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார். ஒரு சுற்று பதினொன்றரை பார், இன்னொன்று பதின்மூன்று. தப்பையாவது ஒரே மாதிரி செய்தால் பழகிக்கொள்ளலாம், அதுவும் இல்லை. மணிக்கட்டும் முன்கூட்டி எதுவும் சொல்லாது. தன் கையைப் பார்க்கவே மாட்டார். வலது பக்கம், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். மாமாதான் பதினொன்றரை என்று பெயர் வைத்தார், அது ஒட்டிக்கொண்டது.

ஆறு மாதம் நான் அவர் பின்னால் ஓடினேன். சட்டையெல்லாம் நனைந்துபோகும். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், அவர் வாசிப்பு அழகு. ஒரு வரியைச் சொல்லிவிட்டு, யாரோ பதில் சொல்லக் காத்திருப்பவர் மாதிரி நிறுத்துவார். அந்த நிறுத்தத்துக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். அதே நிறுத்தத்துக்காகத்தான் கோபமும் வரும்.

மாமாவுக்கு அழகு கிழகு எதுவும் கிடையாது, பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ பின்னாடியே போறதாலதான் அந்த ஆளு திருந்தவே மாட்டேங்கறாரு. ஒரு தடவ விட்டுப் பாரு. முட்டிக்கிட்டாத்தான் புத்தி வரும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஏற்கெனவே எரிச்சல். கடையில் இடது வலது மாற்றித் தேய்த்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். பதினொன்றரை மேடையேறி "முடிஞ்சா பாருங்க, சிஸ்டர்" என்றார். முடியாது என்று முடிவு செய்தேன். நானும் மாமாவும் ரயில் தண்டவாளம் மாதிரி நேராகப் பன்னிரண்டு பார் வாசித்தோம். அவர் எதிர்வீட்டில், நாங்கள் எங்கள் வீட்டில். அவர் வீடு திரும்பியபோது நாங்கள் தெருமுனையில். காதில் விழுந்ததெல்லாம் இரைச்சல். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அத்தோடு விட்டிருக்கலாம், என் வாய் சும்மா இருந்தால்தானே. மைக்கை இழுத்து, "அண்ணே, பன்னெண்டு வரைக்கும் எண்ணத் தெரிஞ்சதும் வாங்க" என்றேன்.

அறையே சிரித்தது. அவர் "சாரி, சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு வயரைக் கழற்றினார். அவசரப்படாமல் அதை வளையம் வளையமாகச் சுற்றினார். கிட்டாரை மஞ்சள் துணியால் துடைத்து உறைக்குள் வைத்து, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். அதற்கப்புறம் மூன்று வாரம் பலகையில் அவர் பெயர் இல்லை. "அப்பாடா" என்றார் மாமா. நானும் அப்பாடா என்று சொல்லிப் பார்த்தேன், உள்ளே ஒட்டவில்லை.

நாலாவது வாரம் செவ்வாய்க்கிழமை, கடைக்கு ஒரு பெண் வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், ஒல்லியான உடம்பு. கண் பரிசோதிக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, பேசலாம் என்று வாயைத் திறந்து, கையை உயர்த்தி என்னைப் பொறுக்கச் சொன்னார். மூச்சு விசிலடித்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

"கண்ணாடி பாக்கணுமா அக்கா?"

"உங்களத்தான் பாக்கணும்." ஒரு மிடறு குடித்தார். "நான் லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்காரி. சண்டைக்கு வரல, பயப்படாதீங்க."

பயப்படாமல் எப்படி?

"அவருக்கு எண்ணத் தெரியும்மா" என்றார். குரல் கரகரத்தது. "கயிறு ஓடுற சத்தத்த வச்சே லிஃப்ட் எத்தனாவது மாடில வருதுன்னு சொல்லிருவாரு. எனக்குத்தான் சின்ன வயசுலேர்ந்து இழுப்பு. ஆனா பாடற ஆச மட்டும் போகல. ஒரு வரி பாடுவேன், மூச்சு நின்னுடும். திரும்ப வர்ற வரைக்கும் அவரு கிட்டார வாசிச்சுக்கிட்டே நிப்பாரு. சீக்கிரம் வந்துட்டா சீக்கிரம் போவாரு." நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டார். "இருபத்தாறு வருஷமா சமையல்கட்டுல அப்படித்தான் ரெண்டு பேரும். நான் இல்லாம வாசிச்சாலும் அவருக்கு என் மூச்சுதான் காதுல கேக்குது."

யாரும் இல்லாத வலது பக்கத்தில் அவர் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"தொண்டைல கட்டி" என்று தொடர்ந்தார். "ஆறு மாசமா மருந்து ஏத்தி, கரண்ட் வச்சுப் பாத்தாங்க, கேக்கல. அடுத்த வாரம் வியாழக்கெழம குரல்வளையவே எடுக்கறாங்க. அதுக்கப்புறம் பாட்டும் கெடையாது, பேச்சும் கெடையாது. அதுக்குள்ள ஒரே ஒரு தடவ, டிரம்ஸு பாஸு எல்லாம் வச்சு, நாலு பேரு முன்னாடி என்னைய பாட வைக்கணும்னு அவருக்கு. என் மூச்சுக்கு யாரு நிப்பாங்கன்னு பாக்கத்தான் வாராவாரம் அங்க வந்தாரு. வீட்டுக்கு வந்து சொல்வாரு, அந்த பாஸ் வாசிக்கற சிஸ்டர் நிக்கறாங்கன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நிமிஷம் என் நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போல இருந்தது.

"இப்ப வேணாங்கறாரு. ஒன்னைய பாத்து யாராவது சிரிச்சுட்டா என்னால தாங்க முடியாதுங்கறாரு. எனக்குப் பாடணும்மா. இந்த ஞாயித்துக்கெழம விட்டா வேற ஞாயித்துக்கெழம இல்ல."

கடை என்றும் பார்க்காமல் நான் அழுதுவிட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். ஆறுதல் சொல்ல வேண்டியவள் நான், சொல்லிக்கொண்டிருந்தது அவர். "அக்கா, நீங்க தயாரா இருங்க" என்றேன். "அண்ணன் வரமாட்டேன்னா நான் வந்து அவரு கைய புடிச்சு இழுத்துட்டு வர்றேன்."

இழுக்க வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் அவர் வேலை பார்க்கும் கட்டடத்துக்குப் போனேன். லிஃப்ட் கூண்டுக்குள் மண்டியிட்டு எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். "தப்பு பண்ணிட்டேண்ணே" என்றேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை. "நிப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். "நிப்பேன்" என்றேன். "சரி, சிஸ்டர்" என்று மறுபடி திருகாணியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

மாமாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. கதையைக் கேட்டுக் கண் கலங்கினார், ஆனால் கணக்கை விட மனசு வரவில்லை. "அவங்க மூச்ச நான் எப்படிம்மா எண்றது?"

"எண்ணவே வேணாம் மாமா. என் கைய மட்டும் பாருங்க."

"ஒன்பது வருஷத்துல நான் யாரு கையயும் பாத்ததில்லையே."

"அதான் ஊருக்கே தெரியுமே. இப்பப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக அவர்களைக் கூப்பிட்டோம். அதற்கு முன்னால், நாலு வாரம் முன்பு இழுத்த அதே மைக்கை இழுத்தேன். "அன்னிக்கு நான் அண்ணன்கிட்ட சொன்னது தப்பு. எண்ணத் தெரியாம இருந்தது எனக்குத்தான்" என்றேன். யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது, பரவாயில்லை. அக்கா நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பதினொன்றரை அவருக்கு இடது பக்கம் வந்து நின்றார்.

பாட்டு அவர்களே கட்டியது. 'துணி காயப் போட்டேன், மழ வந்துருச்சு' என்று ஒரு வரி. அதே வரி இன்னொரு தடவை. பிறகு மூன்றாவது, 'துணிய எடுக்கப் போனவரு மழையோட நின்னுட்டாரு.' சமையல்கட்டில் இருபத்தாறு வருஷம் இருந்த பாட்டு. குரல் பெரிதில்லை, கரகரப்பு வேறு. ஆனால் முதல் வரியிலேயே பின் வரிசைப் பேச்சு அடங்கிவிட்டது.

நான் அவர் இடது கையைப் பார்க்கவில்லை, அக்காவின் தோளைப் பார்த்தேன். வரி முடிந்ததும் தோள் இறங்கும். கிட்டார் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். தோள் ஏறும். ஏறி முடிந்ததும் நாங்கள் எல்லாரும் எதிர்வீட்டுக்குப் போவோம். அடடா, இவ்வளவுதானா! ஆறு மாதம் சட்டை நனைய ஓடியது இதன் பின்னாலா! முதல் சுற்று பதின்மூன்று பார், இரண்டாவது பதினொன்றரை. இரண்டிலும் ஒரு தட்டுகூடப் பிசகில்லை. மாமா முன்னால் சாய்ந்து, என் விரலையே பார்த்து வாசித்தார்.

மூன்றாவது சுற்றில், கடைசி வரிக்கு முன்னால் தோள் இறங்கியது, ஏறவில்லை. அக்கா நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரே சுரத்தை மெல்லத் தட்டித் தட்டி நின்றேன். மாமா குச்சியை வைத்துவிட்டு விரலால் தட்டினார். பதினொன்றரை அக்காவைப் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாதவர்போல ரெண்டு தந்தியைத் தடவிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை, இருமக்கூட இல்லை. பிறகு தோள் ஏறியது. 'துணிய எடுக்கப் போனவரு' என்று பாடி, பக்கத்தில் நின்றவரைக் கையால் காட்டி, 'மழையோட நின்னுட்டாரு' என்று முடித்தார். கைதட்டல் ஓய வெகுநேரமானது. அக்கா முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு சிரித்தார்.

வியாழக்கிழமை குரல்வளையை எடுத்தார்கள்.

பத்து வாரம் கழித்து இருவரும் வந்தார்கள். அக்காவின் கழுத்தில் மெல்லிய துணி சுற்றியிருந்தது. மூச்சு இனி அங்கே வைத்த துளை வழியாகத்தான். பேச வேண்டியதை ஃபோனில் எழுதிக் காட்டினார். 'ரெண்டு கிலோ ஏறிட்டேன்' என்று எழுதி, தன் கையைக் கிள்ளிக் காட்டினார். முதல் வரிசையில் உட்கார வைத்தேன்.

பதினொன்றரை மேடையேறினார். "ஏ, மெதுவா" என்றார். முடிந்தால் பாருங்கள் என்று சொல்லவில்லை. குனிந்து என்னிடம், "ஆஸ்பத்திரி வராண்டால ஒக்காந்து முழங்கால்ல தட்டித் தட்டி எண்ணிப் பழகிட்டேன், சிஸ்டர். இனிமே ஒங்களுக்குத் தொந்தரவு இருக்காது" என்றார்.

அதே பாட்டுதான், வார்த்தை இல்லாமல். தன் இடது கையையே பார்த்துக்கொண்டு வாசித்தார். நாலு பார் வீடு, ஐந்தில் எதிர்வீடு, ஒன்பதில் தெருமுனை, சரியாகப் பன்னிரண்டு. இரண்டாவது சுற்றும் பன்னிரண்டு. மாமா முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, கத்துக்கிட்டாரு!" என்று என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார். இவ்வளவு சுலபமாக ஒருவருக்கு நான் வாசித்ததே இல்லை. இவ்வளவு வேதனையோடும் வாசித்ததில்லை.

ஏனென்றால் நான் அக்காவைப் பார்த்துவிட்டேன். முதல் சுற்றில் அவர் உதடு அசைந்தது. 'துணி காயப் போட்டேன்' என்று சத்தமில்லாமல் பாடினார். வரி முடிந்து மூச்சுக்காக நின்றார். பாட்டு நிற்கவில்லை, அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. எட்டிப் பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. இரண்டாவது சுற்றில் ஒரு வார்த்தையோடு உதட்டை மூடிக்கொண்டு, மடியில் கிடந்த ஃபோனைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் புருஷனோ எங்களுக்குத் தொந்தரவு தரக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று கேட்டால் என்மேல்தான். எண்ணக் கற்றுக்கொண்டு வா என்று அந்த மனுஷனை விரட்டியவள் நான்.

மூன்றாவது சுற்று தொடங்கியது. நாலாவது பார் முடிந்தது. பதினொன்றரை எதிர்வீட்டுக்குப் போனார், மாமாவும் போனார். நான் போகவில்லை. வீட்டுச் சுரத்தையே அழுத்தித் தட்டிக்கொண்டு நின்றேன். அவர் கார்டும் என் சுரமும் மோதி, அறை முழுக்க நாராசமாகக் கேட்டது.

"ஏய், என்னம்மா பண்ற!" என்றார் மாமா, மைக்கில் விழும் அளவுக்கு.

பதினொன்றரை திடுக்கிட்டு நிமிர்ந்தார். ஒன்பது வருஷமாகப் பின்னால் போகிறவள், முதல் தடவையாக வேண்டுமென்றே தப்பு செய்துகொண்டு நிற்கிறேன். அவர் கண்ணைப் பார்த்து, மோவாயால் முதல் வரிசையைக் காட்டினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். சத்தம் கேட்டு அக்காவும் நிமிர்ந்திருந்தார். அவருடைய தோள் இறங்கியிருந்தது.

பதினொன்றரையின் கை தானாக என் சுரத்துக்கு வந்துவிட்டது. இரண்டு பேரும் நின்றோம். மாமா ஒரு நிமிஷம் முழித்தார், பிறகு என் விரலைப் பார்த்தார், அவரும் நின்றார். அக்காவுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். கழுத்துத் துணி லேசாக உள்ளே இழுபட்டது. தோள் ஏறியது, உதடு திறந்தது. அவரோடு சேர்ந்து எல்லாரும் போனோம். கடைசி வரிக்கும் அப்படியே காத்திருந்தோம். அவர் அதையும் பாடினார். கிட்டார்காரர் அழுதுகொண்டே வாசித்தார், ஆனால் தன் கையைப் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்ததும் வயரைக்கூடக் கழற்றாமல் மேடை விளிம்புக்குப் போய் அக்கா முன்னால் குனிந்தார். அக்கா மளமளவென்று ஃபோனில் எழுதி அவருக்குக் காட்டினார். படித்துவிட்டு அவர் சிரித்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டார், ஃபோனை வாங்கி என்னிடம் நீட்டினார்.

'ரொம்ப வேகம். அடுத்த வாரம் இன்னும் மெதுவா வாசிங்க' என்று எழுதியிருந்தது.